மேலே நின்ற சிவப்பு

ரத்தம் எடுத்த சோதனைக் குழாயை சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி எடுத்தால் சிவப்பணுக்கள் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே தெளிந்து நிற்கும் நீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். அந்த நீரில் சிவப்பு தெரிந்தால், ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுவரும் வழியிலோ அணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்வோம். ரத்த வங்கியில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க இதில் மாற்றம் இருந்ததில்லை. ஒரே ஒரு நோயாளிக்கு மட்டும், மேலே சிவப்பாக நின்ற குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் எங்கள் ரத்த வங்கிப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு செய்தியைப் போட்டிருந்தார்கள். வெளிநாட்டில் செயற்கை ரத்தம் செய்து பார்க்கிறார்களாம், எந்த வகை ரத்தக்காரருக்கும் ஏற்றலாமாம். அதன் கீழே கௌசல்யா என்ற பெண், நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு சேர்ந்தவள், "மேடம், இந்த மாதிரி ஒண்ண நீங்க நேர்லயே பாத்திருக்கீங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்டிருந்தாள். பதிலைக் கட்டைவிரலால் தட்ட ஆரம்பித்தேன். நாலு வரிக்கு மேல் போகவில்லை. அப்படித் தட்டி முடிகிற விஷயம் இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பிறந்தது ஒலிமுகமதுபேட்டை. அப்பா ஜரிகை வியாபாரி. ஆய்வகப் படிப்பு படிக்கிறேன் என்றபோது அம்மிக்கு, அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம், பிடிக்கவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தில் கை வைத்துவிட்டு அதே கையால் மாவு பிசைவாயா என்று கேட்டார். அப்பாதான் அனுப்பிவைத்தார். படித்து முடித்து, பேருந்து நிலையம் பக்கம் ஒரு சின்ன லேபில் சில வருடம் சர்க்கரையும் சிறுநீரும் பார்த்தேன். பிறகு ஊருக்கு வெளியே இருந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ரத்த வங்கியில் இடம் கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேயேதான்.

அங்கே எங்களுக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் சுகுணா. குள்ளமான உருவம். ஆய்வகத்துக்குள் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தியும் கேட்டதில்லை. சோதனை முடிவைச் சொன்னால் முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "நீங்க பாத்தீங்களா, மெஷின் சொல்லிச்சா?" மெஷின் சொன்னதென்றால், போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். ரத்தம் பொருந்துகிறதா என்று பார்க்கும்போது குழாயை எப்படிச் சாய்க்க வேண்டும் என்பதை எங்கள் எல்லோருக்கும் அவரே கற்றுக்கொடுத்தார். உதறக்கூடாது, தட்டக்கூடாது. தூங்குகிற குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுகிற மாதிரி சாய்க்க வேண்டும். அப்போது அடியில் இருக்கும் சிவப்பு புகைபோலக் கலைந்து எழுந்தால் பொருத்தம். கட்டியாகவோ மணல்மணலாகவோ புரண்டால் பொருத்தமில்லை. கவலை வந்துவிட்டால் டாக்டர் சுகுணா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். அதைப் பார்த்தாலே நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம்.

மரகதத்தின் ரத்தம் வந்த காலையில் அவர் கடிகாரத்தைக் கழற்றினார்.

மரகதம் எங்கள் ஊரிலேயே பட்டு நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துக்காரி. நாற்பது தாண்டியவள். கணவன் ஏகாம்பரமும் அவளும் வீட்டிலேயே இரண்டு தறி வைத்து நெய்பவர்கள். கருப்பையில் கட்டி. மாதக்கணக்கில் ரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. முகூர்த்த காலத்துப் புடவையைத் தறியிலிருந்து இறக்கிவிட்டுப் போகலாம் என்று டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டிருக்கிறாள். ஒரு நாள் தறிக்குழியிலிருந்து எழுந்தவள் அப்படியே மடங்கி விழுந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு போன இடத்தில் ஓ வகை என்று பார்த்திருக்கிறார்கள். ஏற்றுவதற்குப் பொருத்திப் பார்த்தபோது இருந்த எந்தப் பையும் சேரவில்லை. உடனே எங்களிடம் அனுப்பிவிட்டார்கள்.

நான் அவளுடைய அணுக்களில் ஒரு குழாயில் ஏ-க்கு உரிய மருந்தும் இன்னொன்றில் பி-க்கு உரிய மருந்தும் விட்டேன். இரண்டிலும் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டவில்லை. அப்படியென்றால் ஓ. பிறகு அவளுடைய ரத்த நீரை எடுத்து ஓ வகை அணுக்களோடு கலந்தேன். ஓ அணுக்கள் யாருடைய ரத்த நீரிலும் அமைதியாக இருக்கும். இதில் கலந்த மாத்திரத்தில் ஒரே கட்டியாகத் திரண்டுவிட்டன. மறுபடி செய்தேன். மறுபடியும் அதே. டாக்டர் சுகுணாவைக் கூப்பிட்டேன். அவரும் தன் கையால் ஒரு தடவை செய்தார். பிறகு குளிர்பெட்டியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்துவரச் சொன்னார். ஒரு செடியின் விதையிலிருந்து எடுக்கும் மருந்து அது. எல்லா மனிதர்களின் சிவப்பணுக்கள் மேலும் ஹெச் என்று ஓர் அடிப்படைப் பொருள் இருக்கும். ஓ வகைக்காரர்களிடம் அது நிறையவே இருக்கும். அந்தப் புட்டி மருந்து பட்டால் அணுக்கள் கட்டிவிடும். மரகதத்தின் அணுக்களில் விட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. குழாயைச் சாய்த்தபோது சிவப்பு புகையாக எழுந்து கலைந்தது.

"பாம்பே குரூப்" என்றார் டாக்டர் சுகுணா.

அந்த ஹெச்சே இல்லாத அரிய வகையைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருந்தேன். அத்தனை வருட வேலையில் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் முறை.

வெளியே நின்றுகொண்டிருந்த ஏகாம்பரத்திடம் சொல்லவேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது. ஒல்லியான மனிதர். நெற்றியில் காலையில் பூசிய விபூதி வியர்வையில் பாதி அழிந்திருந்தது.

"இன்னா மேடம், ஓ-ன்னா அல்லாருக்கும் சேரும்னுவாங்க. இவளுக்கு ஓவே சேரலன்னா இன்னா அர்த்தம்?"

அவருக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். தறியில் நீளவாக்கில் கட்டும் பாவு நூல் நினைவுக்கு வந்தது. "கரையும் புட்டாவும் எதுமேல வருது? பாவுமேலதானே. ரத்தத்துல ஏ, பி எல்லாம் கரை மாதிரிங்க. ஓ-ன்னா வெறும் பாவு. உங்க வீட்டம்மாவுக்கு அந்தப் பாவே இல்ல. அதனால பாவு இருக்கிற எந்த ரத்தம் உள்ள போனாலும் அவங்க உடம்பு எதிர்த்து உடைச்சிடும்."

"பாவே இல்லாம எப்டி மேடம் நிக்கும்?"

"இவ்ளோ நாள் நின்னுச்சுங்களே. ரெண்டு பிள்ளை பெத்திருக்காங்க" என்றேன். பிள்ளைப்பேறு இரண்டிலும் ரத்தம் ஏற்றும் தேவை வரவில்லை. அதனால்தான் அவள் யார் என்பது அவளுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

அரிய ரத்தக்காரர்களின் குழுக்கள் நாட்டில் பல ஊர்களில் உண்டு. டாக்டர் சுகுணா நின்றபடியே ஒவ்வொருவராகப் போனில் பேசினார். பெங்களூரில் இருந்த ஒருவர் அப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார். இன்னொருவருக்கு மஞ்சள் காமாலை. மும்பையில் இரண்டு பேர் கொடுக்கிறோம் என்றார்கள். ஆனால் எடுத்து, சோதித்து, விமானத்தில் சென்னைக்கு அனுப்பி, அங்கிருந்து இங்கே வர மறுநாள் சாயங்காலம் ஆகிவிடும். மரகதத்தின் உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இதே வகை இருக்கலாம் என்று விசாரித்தோம். கூடப் பிறந்த ஒரே தம்பி சின்ன வயதிலேயே இறந்துவிட்டிருந்தான்.

உள்ளே பஞ்சு அடைத்து ரத்தப்போக்கைக் குறைத்திருந்தார்கள். நிறுத்த முடியவில்லை. நிறுத்த வேண்டுமானால் கருப்பையை எடுக்க வேண்டும். அதற்கு உடம்பில் ரத்தம் வேண்டும். ரத்தம் ஏற்ற வழியில்லை. இதயத்துடிப்பின் வரைபடத்தில் மாற்றம் தெரிய ஆரம்பித்தது. மயக்க மருந்து டாக்டர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். மறுநாள் சாயங்காலம்வரை இந்த இதயம் தாங்காது என்றார்.

அப்போதுதான் டாக்டர் சுகுணா ஆராய்ச்சிப் பிரிவின் சேமிப்பு அறையில் இருந்த பைகளைப் பற்றிச் சொன்னார்.

எங்கள் மருத்துவமனையில் ஒரு வெளிநாட்டு மருந்தைச் சோதிக்க ஏற்பாடு நடந்து, தொடங்கும் முன்பே நின்றுபோயிருந்தது. வேறு இடங்களில் சிலருக்கு இதயக் கோளாறு வந்ததால் நிறுத்திவைத்துவிட்டார்கள். நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளும்வரை சில பைகள் மட்டும் அங்கேயே பூட்டியிருந்தன. அது ஹீமோகுளோபின் கரைசல். சிவப்பணுவை ஒரு மூட்டை என்று வைத்துக்கொண்டால் அதற்குள் இருக்கும் சரக்கு ஹீமோகுளோபின். மூச்சில் வரும் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டுபோய் உடம்பெங்கும் இறக்குவது அந்தச் சரக்குதான். ஏ, பி, ஹெச் என்று நாங்கள் மாய்ந்து மாய்ந்து பார்ப்பதெல்லாம் மூட்டையின் மேல் குத்தியிருக்கும் முத்திரைகளை. மூட்டையை உடைத்து, முத்திரையை எல்லாம் வடித்து எறிந்துவிட்டு, சரக்கை மட்டும் சுத்தம் செய்து, சிறுநீரில் வடிந்து போய்விடாதபடி ஒன்றோடொன்று கோத்து உப்புநீரில் வைத்திருந்தார்கள். குளிர்பெட்டிகூடத் தேவையில்லை. யாருக்கும் பொருத்திப் பார்க்கவும் வேண்டாம்.

ஒரு நாள், கொஞ்சம் போனால் இரண்டு நாள், அது உடம்பில் தாங்கும். மும்பைப் பைகள் வரும்வரை அது போதும். இதயத்துக்கு ஆபத்தும் உண்டு. ஏற்றாவிட்டாலும் அதே இதயத்துக்குத்தான் ஆபத்து. இந்த ஒரு நோயாளிக்கு மட்டும் பயன்படுத்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழு, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம், அந்த நிறுவனம் என்று மூன்று இடத்திலும் அனுமதி வாங்க வேண்டும். டாக்டர் சுகுணா போனும் கையுமாக நடந்தார். பிற்பகலில் மூன்றும் கிடைத்துவிட்டன. ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது.

அந்த ஹீமோகுளோபின் மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்தது.

கூட இருந்த இளம் டாக்டர் ஒருவர், புரத மருந்து என்று சொன்னால் போதாதா என்று மெதுவாகக் கேட்டார். டாக்டர் சுகுணா அவரைத் திரும்பிப் பார்த்தார். "அவங்க உடம்பு. அவங்களுக்குத் தெரியணும்" என்றார். அவ்வளவுதான்.

நான் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாடு என்ற சொல் என் வாயிலிருந்து வரவேண்டாமே என்று எனக்கு இருந்தது. ஏகாம்பரத்தின் வீட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாகத் திருவிழாவில் சாமி தூக்குபவர்கள். வீட்டில் கறி சமைப்பதில்லை. நான் முக்காடு போட்ட பெண். அந்தச் சொல்லை நான் சொன்னால் அது வேறு சொல்லாகிவிடும் என்று பயந்தேன். டாக்டர் சுகுணாவுக்கு இது புரிந்திருக்க வேண்டும். என்னை ரத்த மாதிரி எடுக்கும் தட்டோடு பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு அவரே படுக்கையருகில் போய் நின்றார்.

மரகதத்துக்கு நினைவு நன்றாகவே இருந்தது. உதடும் நகமும் வெளுத்த துணியாக இருந்தன. ஆக்ஸிஜன் மூடிக்குள் நாய்போல இளைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சுகுணா மருந்தில் இருக்கும் நன்மை, ஆபத்து, அது எங்கிருந்து வந்தது எல்லாவற்றையும் சொன்னார்.

மரகதம் மூடியைக் கொஞ்சம் நகர்த்தினாள். "அந்த மாடு உசுரோட இருக்குதாமா?"

"இல்லம்மா. கறிக்காக வெட்டின மாடுங்க. அதோட ரத்தத்துலேர்ந்து எடுத்தது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஏகாம்பரம் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு வெளியே போய்விட்டார். டாக்டர் சுகுணா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் பின்னாலேயே போனேன்.

நடைவழியில் அவர் ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தார். இதை ஏற்றிக்கொண்டால் அவள் கோயிலுக்குள் போகலாமா, தான் சாமிக்குத் தோள் கொடுக்கலாமா, வீட்டுக்கு மூத்தவரான தன் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று எல்லாவற்றையும் ஜன்னலிடம்தான் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், உங்க வூட்ல ஒருத்தருக்குன்னா இத ஏத்த வுடுவீங்களா?"

விடுவேன் என்று சட்டென்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் எங்கள் வீட்டில் மாட்டுக்கறிக்குத் தடை இல்லை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அவர் நிற்கிற இடத்தில் நான் எப்போதாவது நின்றிருக்கிறேனா என்று பார்த்தேன். நின்றிருந்தேன்.

"எங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப, ரத்தம் உறையாம இருக்க வயித்துல ஒரு ஊசி போட்டாங்க. அது பன்னிக் கொடல்லேர்ந்து எடுக்கறதுங்க. எனக்கு அது தெரியும். அவர்கிட்ட சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"ரொம்ப நேரம் அந்த ஊசியையே பாத்தாரு. அப்புறம் சட்டையத் தூக்கிக் காட்டினாரு."

ஏகாம்பரம் என் முகத்தையே பார்த்தார். உயிருக்கு ஆபத்தென்றால், வேறு மருந்தும் இல்லையென்றால், அது கூடும், மார்க்கத்தில் தடையில்லை என்று பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் பிறகு சொன்னதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே டாக்டர் சுகுணா செவிலியிடம் சொல்லி ஏற்கெனவே குழாயைத் தயார் செய்துகொண்டிருந்தார். நாங்கள் வெளியே போன உடனேயே மரகதம் சரி என்று சொல்லிவிட்டிருந்தாள். ஏகாம்பரம் படுக்கையருகில் குனிந்தார். அண்ணனைக் கேட்கவா என்று ஆரம்பித்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"பட்டு இன்னா, செடியிலயா காய்க்குது? உசுரோட இருக்கற பூச்சிய, கூட்டோட, கொதிக்கற தண்ணில போட்டுத்தான எடுக்கறாங்க. கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து, அதுலதான துன்னுக்கினு இருக்கறோம்." கொஞ்சம் ஓய்ந்தாள். "அம்மன்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீ போய் பசங்களுக்கு சோறு வாங்கிக் குடு."

ஏகாம்பரம் போனார். நிஜமாகவே சோறு வாங்கத்தான் போனார்.

பை வந்தது. நாவல்பழச் சாறு மாதிரி கருஞ்சிவப்பு. ஆனால் ரத்தப் பையைப் போல மங்கலாக இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அதன் வழியே ஜன்னல் கம்பி தெரிந்தது. கண்ணாடி வளையல் நிறம். பழக்க தோஷத்தில் நான் பொருத்திப் பார்க்கக் கையை நீட்டினேன். டாக்டர் சுகுணா சிரித்தார். "இதுக்கு நம்ம வேலையே இல்லைங்க" என்றார். ரத்தம் ஒருவருடையது இன்னொருவருக்குச் சேருமா என்று பார்த்துப் பார்த்தே என் வாழ்க்கை போயிருந்தது. யாருடையதும் இல்லாத, யாருக்கும் சேர்கிற ஒரு சிவப்பு என் கண் முன்னால் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

முதல் பை முடிந்து இரண்டாவது பாதி போயிருக்கும். மூச்சு இளைப்பு நிதானத்துக்கு வந்தது. ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்த நாடி நடைக்கு வந்தது. மயக்க மருந்து டாக்டர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரத்த அழுத்தம் எதிர்பார்த்தபடி கொஞ்சம் ஏறியது. அதற்கு மருந்து கொடுத்தார்கள். மரகதத்தின் உதட்டில் ஒரு நிறம் வந்தது. ரோஜா நிறம் என்று சொல்லமாட்டேன். உயிரோடு இருப்பவர்களின் நிறம்.

நான் அவள் கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். சுழற்றி எடுத்தேன். அடியில் அவளுடைய அணுக்கள் விரல் நகத்தின் பிறை அளவுக்கு, கொஞ்சமே கொஞ்சம். மேலே குழாய் முழுக்கச் சிவப்பு நின்றது. உடைந்த அணுவின் சிவப்பு இல்லை. அவள் உடம்பு அப்போது பிழைத்துக்கொண்டிருந்ததே அந்தச் சிவப்பால்தான். எங்கோ ஒரு நாட்டில் புல் தின்ற ஒரு மாட்டின் மூச்சைச் சுமந்த பொருள், பிள்ளையார்பாளையத்துப் பெண்ணின் மூச்சைச் சுமந்துகொண்டு இருந்தது. மாட்டுக்கும் மனிதருக்கும் அந்த இடத்தில் வித்தியாசமே தெரியவில்லை. மூச்சு, மூச்சாக இருந்தது. படைத்தவனை நான் தொழுகையில் நினைத்திருக்கிறேன். ஆய்வக மேசை முன்னால் நின்று அப்படி நினைத்தது அன்றைக்குத்தான்.

மெஷின் அந்த ரத்தத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. சிறுநீரகம், கல்லீரல் என்று எந்தச் சோதனை கேட்டாலும் சிவப்பு விளக்கு போட்டது. நிறத்தை வைத்துக் கணக்குப் போடும் மெஷின், எல்லாமே சிவப்பாக இருந்தால் என்ன செய்யும்? டாக்டர் சுகுணா எனக்குப் பக்கத்தில் நின்று, எந்த முடிவை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். மொத்த ஹீமோகுளோபின் தனி. மேலே நிற்கும் நீரில் இருப்பது தனி. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால்தான் அவளுடைய சொந்தச் சரக்கு எவ்வளவு என்று தெரியும். அது எத்தனை குறைவாக இருந்தது என்றால், அந்த எண்ணோடு ஒரு மனுஷி பேசிக்கொண்டிருக்கிறாள் என்று யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அவள் பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அறுவை சிகிச்சை. மீதி இருந்த பைகளை ஏற்றிக்கொண்டே செய்தார்கள். நடுவில் வந்த மாதிரியைச் சுழற்றியபோது மேலே இருந்த சிவப்பில் ஒரு பழுப்பு தட்டியிருந்தது. ஹீமோகுளோபின் துருப்பிடிக்கிற மாதிரி மாறும்போது அப்படி ஆகும். மாறியது ஆக்ஸிஜனைச் சுமக்காது. நான் குழாயைப் பிடித்துக்கொண்டு ஓட்டமாகப் போய் டாக்டர் சுகுணாவிடம் காட்டினேன். நீங்க பாத்தீங்களா, மெஷின் சொல்லிச்சா என்ற கேள்வியை அன்று அவர் கேட்கவில்லை. குழாயை வெளிச்சத்தில் பார்த்தார். அறுவை அரங்குக்குப் போன் செய்தார். நரம்பு வழியாக வைட்டமின் சி ஏற்றினார்கள். அடுத்து வந்த மாதிரியில் பழுப்பு குறைந்திருந்தது. கருப்பையை எடுத்தாகிவிட்டது, ரத்தப்போக்கு நின்றுவிட்டது என்று செய்தி வந்தபோது டாக்டர் சுகுணா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் அவரைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் மும்பைப் பைகள் இரண்டும் ஐஸ் பெட்டியில் வந்தன. பொருத்திப் பார்த்தேன். சிவப்புக் கரைசலின் நிறம் நடுவில் குழப்பும் என்பதால் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவைத்திருந்த அவளுடைய ரத்த நீரில் பார்த்தேன். குழாயைத் தூங்கும் குழந்தைபோலச் சாய்த்தேன். புகையாக எழுந்தது. ஒரு மணல்கூட இல்லை. இரண்டாவது பையிலும் அப்படியே. நாட்டின் அந்தக் கோடியில் இருந்த முகம் தெரியாத இரண்டு பேர், அவளுக்கு ரத்த சொந்தமாக இருந்தார்கள்.

அடுத்து வந்த நாட்களில் தினமும் அவள் ரத்தத்தைச் சுழற்றிப் பார்த்தேன். மேலே இருந்த சிவப்பு வெளுத்துக்கொண்டே போனது. கருஞ்சிவப்பு, ரோஜா, பிறகு டீத்தண்ணீர். ஒரு காலையில் பழைய மஞ்சள். இரும்புச்சத்து ஊசியும் போட்டார்கள். அடியில் இருந்த பிறை மெல்ல உயர்ந்தது. வந்த வேலை முடிந்து வெளியே போகிற விருந்தாளியைப் போல அந்த மாட்டுச் சரக்கு போய்விட்டது.

ரத்தம் எடுக்கப் போன ஒரு நாள் அவள் என்னைக் கேட்டாள். "அக்கா, அது எந்த ஊரு மாடுக்கா?"

வெளிநாடு என்றேன். எந்த நாடு என்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

"அதுக்கு நம்ம பாஷகூட தெரியாது" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "வூட்டுக்குப் போனதும் அதுக்கு ஒரு வெளக்கு ஏத்தணும்."

ஏற்றினாள் என்று ஏகாம்பரம் பிறகு சொன்னார். அண்ணன் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த திருவிழாவில் அவர் தோளில் சாமி இருந்ததை மட்டும் தெருமுனையில் நின்று பார்த்தேன்.

இதைப் படிக்கும் கௌசல்யாவும் மற்றப் பெண்களும் அது அற்புத மருந்து என்று நினைத்துவிடக்கூடாது. அதற்குப் பிறகு எங்களுக்கு அந்த மருந்து கிடைக்கவே இல்லை. விபத்தில் அடிபட்டு, ரத்தம் வந்து சேர்வதற்குள் போய்விட்டவர்களைப் பார்த்தபோதெல்லாம் அந்தச் சேமிப்பு அறையை நினைத்திருக்கிறேன். அழுத்தத்தை ஏற்றாத, இதயத்தைத் தொந்தரவு செய்யாத ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கண்டுபிடிப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் பார்த்தது எட்டிப் பார்த்துவிட்டு மறைந்த ஒரு வெளிச்சம்.

நான் ஓய்வு பெறச் சில மாதங்கள் இருந்தபோது ஹைதராபாத்திலிருந்து போன் வந்தது. பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு. பாம்பே குரூப். டாக்டர் சுகுணா அந்தக் குழுக்களிடம் மரகதத்தின் பெயரைப் பதிந்துவைத்திருந்தார். அவளுக்கு ரத்தம் ஏற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்ததால் இனி அவள் கொடுக்கலாம். நான் ஏகாம்பரத்துக்குப் போன் செய்தேன். தறியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள். மரகதத்துக்குக் கொஞ்சம் சதை போட்டிருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன். ஹீமோகுளோபின் தாராளமாக இருந்தது. எடையும் சரியாக இருந்தது.

படுக்கவைத்து ஊசியைப் போட்டேன். கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து, பிசைந்து பிசைந்து விடச் சொன்னேன். குழாயில் சிவப்பு இறங்கிப் பையின் அடியில் பரவியது. அடர்த்தியான, ஒளி ஊடுருவாத சிவப்பு. அவளே செய்தது. ஏகாம்பரம் பக்கத்தில் நின்று பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொழந்த நல்லா இருக்குதாமா?" என்று கேட்டாள் மரகதம்.

குழந்தைக்கு ஒன்றும் இல்லை, தாய்க்குத்தான் என்றேன்.

"அங்க அந்த மாட்டு மருந்து இல்லையாக்கா?"

"இல்லம்மா. நீங்கதான் இருக்கீங்க."

அவள் பந்தை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிசைந்தாள்.